எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

காரை சர்வீஸுக்கு விட்டுவிட்டு ஆபீஸில் உட்கார்ந்திருப்பீர்கள். பதினொன்றரை மணிவாக்கில் போன் வரும். "சார், முன்னாடி பிரேக் பேடு, டிஸ்க் ரெண்டும் மாத்தணும். லோயர் ஆர்ம் போயிருக்கு. அப்புறம் த்ராட்டில் பாடி கிளீனிங், எஞ்சின் டீகார்பனைசிங், ஏசி ட்ரீட்மென்ட் எல்லாம் சேர்த்துப் போட்டுடலாம். மொத்தம் 38,000 வருது. ஓகே சொல்லிட்டீங்கன்னா சாயந்திரம் வண்டி ரெடி." எதிரே மீட்டிங் ஓடிக்கொண்டிருக்கும். ஓகே சொல்லிவிடுவீர்கள்.

நான் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்துகிறவன். என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் இன்று சர்வீஸ் அட்வைசர்களாக இந்தப் போனைச் செய்கிறார்கள். அவர்களைத் திருடர்கள் என்று சொல்ல மாட்டேன். மாதத்துக்கு இத்தனை கோட்டிங், இத்தனை கிளீனிங் என்று மேலிடத்து டார்கெட் அவர்கள் கழுத்தில் இருக்கிறது. அதனால் நம் உயிரைக் காக்கிற வேலையும், டார்கெட்டுக்காகச் சேர்த்த வேலையும் ஒரே மூச்சில் வாசிக்கப்படுகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்க மெக்கானிக் ஆகவேண்டியதில்லை.

தேய்கிற பொருள் எதற்கும் ஒரு அளவு உண்டு. பிரேக் பேடையே எடுத்துக்கொள்வோம். புதிய பேடில் உராயும் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர் கனம் இருக்கும். அது 3 மில்லிமீட்டர் அளவுக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். "பேடு தேஞ்சிருக்கு சார்" என்பதில் ஒரு தகவலும் இல்லை; தேய்வதற்காகத்தானே அதைப் போட்டிருக்கிறார்கள்! எத்தனை மில்லிமீட்டர் பாக்கி என்று கேளுங்கள். 6 என்று பதில் வந்தால் அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம். சக்கரத்தோடு சுழல்கிற, பேடு அழுத்திப் பிடிக்கிற டிஸ்க்கும் அப்படித்தான். குறைந்தபட்சக் கனம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று பெரும்பாலான டிஸ்க்குகளிலேயே பொறித்திருப்பார்கள். கனம் அளக்கும் கருவியான வெர்னியர் வைத்து அளந்து, டிஸ்க்கில் பொறித்த அளவையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பேடு மாற்றும்போதெல்லாம் டிஸ்க்கும் மாற்ற வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. டயருக்கு மட்டும் உண்மையிலேயே சட்டம் உண்டு: காருக்கு 1.6 மில்லிமீட்டர். பள்ளங்களுக்கு நடுவே சின்ன மேடாக ஒரு அடையாளம் இருக்கும், அதன் மட்டத்துக்கு டயர் தேய்ந்துவிட்டால் யாரிடமும் கேட்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

லோயர் ஆர்ம் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. சக்கரத்தை வண்டியின் அடிப்பகுதியோடு இணைக்கும் அந்த இரும்புக் கை அநேகமாகக் கெடாது. கெடுவது அதிலுள்ள ரப்பர் புஷ், இல்லாவிட்டால் முனையில் இருக்கும் பால் ஜாயின்ட். கம்பெனி சர்வீஸில் பல மாடல்களுக்கு முழு ஆர்மாகத்தான் பாகம் வரும். அதனால் அட்வைசர் முழு ஆர்ம் என்று சொல்வது பொய்யில்லை. வெளியே நல்ல பட்டறையில் புஷ்ஷை மட்டும் பிரஸ்ஸில் வைத்து மாற்றித் தருவார்கள், செலவு நன்றாகக் குறையும். எது போயிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம். வண்டியை லிஃப்டில் ஏற்றி, சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். புஷ் விரிசல் என்றால் ஸ்பீட் பிரேக்கரில் கடகடவென்று சத்தம் வரும், ஒரு மாதம் பொறுக்கலாம். பால் ஜாயின்ட் ஆடுகிறது என்றால் பேரம் பேசிக்கொண்டு நிற்காதீர்கள். அது கழன்றால் ஓடும்போதே சக்கரம் மடங்கிக்கொள்ளும்.

கிளட்ச்சை நீங்களே சோதிக்கலாம். நாலாவது கியரில் மேடான ரோட்டில் ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். எஞ்சின் சத்தம் ஏறி, வேகம் ஏறாவிட்டால் பிளேட் வழுக்குகிறது. பெடல் கனமாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து கிளட்ச் செட்டை மாற்றச் சொன்னால், முதலில் கேபிளைப் பாருங்கள் என்று சொல்லலாம், கேபிள் உள்ள வண்டியாக இருந்தால். இன்னொன்று. கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். அப்படி இறக்கிய பிறகு, "ரிலீஸ் பேரிங்கையும் மாத்திடலாம் சார்" என்றால் அது நியாயமான பேச்சு. பெடலை மிதிக்கும்போது கிளட்ச்சை விடுவிக்கிற அந்தப் பேரிங் ஆறு மாதம் கழித்துக் கத்தினால், மறுபடி இறக்குகிற லேபர் முழுசாக உங்கள் தலையில்தான் விழும்.

எல்லாவற்றையும் அளந்துவிட முடியுமா என்றால் முடியாது. பிஸ்டனும் வால்வும் ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினில், பெல்ட் பார்க்கப் புதிதுபோலவே இருக்கும், ஒருநாள் அறுந்துவிடும். பல எஞ்சின்களில் அது அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும். அதன் செலவோடு ஒப்பிட்டால் பெல்ட் செலவு ஒன்றுமே இல்லை. இதற்கு மில்லிமீட்டர் கேட்டுப் பயனில்லை. வண்டியோடு வந்த கையேட்டில், அதாவது மேனுவலில், எத்தனை கிலோமீட்டர் அல்லது எத்தனை வருடம் என்று போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. உங்கள் எஞ்சினில் பெல்ட்டே இல்லாமல் செயின் இருக்கலாம். அதையும் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரேக் ஆயிலும் அப்படித்தான். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடலாம். ஊருக்குள் ஓட்டினால் வித்தியாசமே தெரியாது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில், 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்போது ஆயில் கொதித்து, பெடல் பஞ்சுபோல உள்ளே போகும். மேனுவல் இரண்டு வருடம் என்றால் இரண்டு வருடத்தில் மாற்றுங்கள். பெரிய செலவில்லை.

அளவும் சொல்ல முடியாது, மேனுவலிலும் இல்லை, "பண்ணிட்டா நல்லது சார்" என்று மட்டும்தான் காரணம் வருகிறது என்றால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நன்றாக ஓடும் எஞ்சினுக்குக் கரி நீக்கும் டீகார்பனைசிங், உள்ளே கழுவும் எஞ்சின் ஃப்ளஷ், நறுமண ஏசி ஸ்பிரே, வருடா வருடம் டெஃப்லான் கோட்டிங் எல்லாம் இந்த வகைதான். எஞ்சின் ஐடிலில் தடுமாறுகிறது என்று நீங்களே புகார் சொல்லி, அவர்கள் எஞ்சினுக்குக் காற்று போகும் வழியான த்ராட்டில் பாடியைக் கழற்றி அழுக்கைக் காட்டினால் அது வேறு கதை. அதேபோல, கோடை வந்தால் ஏசி கேஸ் நிரப்புகிற பழக்கம். கேஸ் எரிந்து தீர்கிற பொருள் இல்லை. ஒவ்வொரு வருடமும் குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. நைட்ரஜன் அடித்துக் கசிவைக் கண்டுபிடிக்காமல் மறுபடி நிரப்புவது வீண் செலவு. சில சமயம் போயிருப்பது ஓ-ரிங் என்கிற ஒரு சின்ன ரப்பர் வளையமாக இருக்கும்.

தள்ளிப்போடவே கூடாதது, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் கசிவு. சில நூறு ரூபாய் ஹோஸைச் சில வாரம் பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள்தான் எஞ்சினின் மேல்மூடியான ஹெட் வளைந்து, அதன் அடியிலுள்ள கேஸ்கெட் போய், பெரிய பில்லோடு வருகிறார்கள். டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போனால், அல்லது சிவப்பு விளக்கு எரிந்தால், வீடு இரண்டு கிலோமீட்டரில் இருந்தாலும் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

வெளியே வேலை பார்த்தால் வாரண்டி போய்விடுமே என்ற பயம் பலருக்கு இருக்கிறது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகள் மீது ஒரு உத்தரவு போட்டது. உதிரி பாகங்களையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் வைத்திருந்ததற்காக 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம். வெளியே ரிப்பேர் செய்தார் என்பதற்காகவே ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யக் கூடாது என்றும் அதில் சொன்னது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போய் நீண்டது. நடைமுறையில் நான் சொல்வது இது: வாரண்டி இருக்கும்வரை மேனுவல் சொல்லும் சர்வீஸைக் கம்பெனியிலேயே செய்து பில்லைப் பத்திரப்படுத்துங்கள். வாரண்டி முடிந்த பிறகு, 10,000 ரூபாயைத் தாண்டுகிற எந்த எஸ்டிமேட்டுக்கும் இன்னொரு பட்டறையில் ஒரு பேச்சு கேட்டுவிடுங்கள்.

வண்டியை விடும்போது, செய்யவேண்டிய வேலைகளை எழுதும் ஜாப் கார்டில் கையெழுத்து வாங்குவார்கள். அதற்கு முன் பேனாவை வாங்கி, "என் ஒப்புதல் இல்லாமல் கூடுதல் வேலை செய்யக் கூடாது, கழற்றிய பாகங்களைத் திருப்பித் தரவும்" என்று எழுதுங்கள். அட்வைசர் லேசாக முகம் சுளிப்பார், பரவாயில்லை. வாரண்டியிலோ இன்ஷூரன்ஸிலோ மாற்றிய பாகங்களை அவர்கள் வைத்துக்கொள்வார்கள். நீங்கள் காசு கொடுத்து மாற்றியதைக் கேட்டு வாங்கலாம். செய்யாத வேலைக்குப் பில் வந்து, பேசியும் தீராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ஜாப் கார்டு, எஸ்டிமேட், பில் மூன்றும் கையில் இருக்கும்போது அழையுங்கள்.

நன்றி, வணக்கம்.