பாட்டி ஏறிய குட்டி ரயில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ரயில் என்று சொன்னாலே என் பாட்டி கரியைப் பற்றித்தான் பேசுவார். சின்ன வயதில் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ரயிலில் வரும்போது, "சன்னல் பக்கம் உட்காராதே, கண்ணுல கரி விழும்" என்று அவருடைய அம்மா முந்தானையால் முகத்தை மூடிவிடுவாராம். அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. போன வருடம் டார்ஜிலிங் போய், கரி எஞ்சின் இழுக்கிற ரயிலில் ஏறினேன். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, ஒரு பொடி நேராகக் கண்ணில் வந்து விழுந்தது. சட்டென்று பாட்டியின் குரல்தான் காதில் கேட்டது.

டார்ஜிலிங் ரயில் 1881-லிருந்து ஓடுகிறது. தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டே அடி. பாதை குறுகலாக இருந்தால் மலையின் வளைவுக்கு ஏற்ப ரயிலும் வளைந்து போகும். அதனால்தான் 7,407 அடி உயரத்தில் இருக்கும் கூம் நிலையம் வரை ஏறியும், அந்தப் பாதையில் ஒரு சுரங்கம்கூடக் கிடையாது.

நான் போனது டார்ஜிலிங்கிலிருந்து கூம் போய்த் திரும்பும் இரண்டு மணி நேரப் பயணம். அன்று தூறல். எஞ்சினுக்கு முன்னால், பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஈரத்தில் சக்கரம் வழுக்கும்போதெல்லாம் கையால் மணலை அள்ளித் தண்டவாளத்தின் மேல் தூவினார்கள். நம் பக்கத்தில் கேழ்வரகு விதைக்கிறவர் கை எப்படி அசையும், அப்படியே அசைந்தது. மணல் பட்டதும் சக்கரம் பிடித்துக்கொள்ளும், எஞ்சின் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஏறும். கடைத்தெருவுக்குள் போகும்போது, கடையில் தொங்கும் ஸ்வெட்டரைக் கை நீட்டித் தொட்டுவிடலாம். படாசியா வளைவில் ரயில் தன் பாதையைத் தானே சுற்றி இறங்கியபோது மேகம் கொஞ்சம் விலகியது. கஞ்சன்ஜங்கா பனிச்சிகரம் தெரிந்தது. பெட்டியில் இருந்த எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டோம்.

சரி, இதைத் தருமபுரியில் உட்கார்ந்து ஏன் சொல்கிறேன்? நமக்கும் இப்படி ஒரு ரயில் இருந்தது. பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்றுதான் இந்த வறண்ட சீமையில் குறுகிய பாதை போட்டார்கள். அகலம் இரண்டரை அடி. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒன்று, 1905-ல். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இன்னொன்று, 1906-ல். 1913-ல் அது ஓசூர் வரை நீண்டது. அப்புறம், உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941-ல் ஓசூர்ப் பாதையை மூடிவிட்டார்கள். தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்தாயிற்று. டார்ஜிலிங் பாதையை 1999-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நம்முடையதைப் பார்த்தவர்கள் இன்று விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருப்பார்கள். எனக்கு அது மனசை அறுக்கிறது.

மொரப்பூர்–தருமபுரிக்கு அகலப்பாதை போடும் திட்டம் இருக்கிறது. வரட்டும், வர வேண்டும். அதற்கு முன்னால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ தொண்ணூறைத் தாண்டிய தாத்தா, பாட்டி இருந்தால், இன்று சாயங்காலமே பக்கத்தில் உட்கார்ந்து அந்த ரயிலைப் பற்றிக் கேளுங்கள். டிக்கெட் எவ்வளவு, பெட்டியில் பலகை எப்படி இருந்தது, மேட்டில் ஏறும்போது என்ன சத்தம் வந்தது, புளி மூட்டையை எங்கே வைத்தார்கள். இதில் ஒன்றைக்கூட நான் என் பாட்டியிடம் கேட்டு வைக்கவில்லை.