பழைய போர்களும் அமெரிக்க வாக்குப்பெட்டியும்

அவைத் தலைவர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

அமெரிக்கக் கட்சி அரசியலைப் பற்றிப் பேச வேண்டும் என்றதும் எல்லாரும் எதிர்பார்ப்பது ட்ரம்பைப் பற்றித்தான். அவரிடம் கட்டாயம் வருகிறேன். ஆனால் அவரிலிருந்து தொடங்கினால், ஒரு பெரிய நாடு 2016இல் திடீரென்று கோபப்பட்டுவிட்டது போலத் தோன்றும். அந்தக் கோபத்துக்கு வயது அதிகம். அதனால் 1887இலிருந்து தொடங்குகிறேன்.

அப்போது அதிபர் குரோவர் கிளீவ்லண்ட், ஜனநாயகக் கட்சிக்காரர். வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் மோதிய உள்நாட்டுப் போர் முடிந்து 22 வருஷம் ஆகியிருந்தது. 6 லட்சம் பேருக்கு மேல் செத்த போர் அது. கிளீவ்லண்ட் போருக்குப் போகவில்லை. 150 டாலர் கொடுத்துத் தனக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பியவர். சட்டப்படி அதில் தப்பில்லை. ஆனால் வடக்கில் கையோ காலோ இழந்து வீடு திரும்பியவர்கள் அதை மறக்கவில்லை. அப்படிப்பட்டவர் 1887 ஒரே வருஷத்தில் மூன்று காரியம் செய்தார். பிப்ரவரியில், முன்னாள் படைவீரர்களின் ஓய்வூதியத்தை விரிவாக்கும் மசோதாவை நிராகரித்தார். ஜூனில், போரில் தெற்கிடமிருந்து பிடித்த கொடிகளைத் திருப்பிக் கொடுக்கலாம் என்ற உத்தரவுக்கு ஒப்புதல் தந்தார். வடக்கே எழுந்த கூச்சலில் அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. டிசம்பரில், காங்கிரஸுக்கு அனுப்பிய வருடாந்தரச் செய்தி முழுவதையும் ஒரே விஷயத்துக்கு ஒதுக்கினார்: இறக்குமதி வரியைக் குறைக்க வேண்டும்.

மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றும் வெவ்வேறு விஷயம். அன்றைய வாக்காளருக்கோ மூன்றும் ஒன்றுதான். ஏன் என்று சொல்கிறேன்.

அன்றைக்கு மத்திய அரசின் வருவாயில் பாதிக்கு மேல் இறக்குமதி வரியிலிருந்து வந்தது. வருமான வரி கிடையாது. வெளிநாட்டுச் சாமான்களுக்கு வரி போட்டால் பென்சில்வேனியாவின் இரும்பாலைக்கும் மாசசூசெட்ஸின் துணியாலைக்கும் போட்டி இல்லை. ஆலைத் தொழிலாளிக்கு வேலை நிலைக்கும். கஜானாவில் சேர்ந்த பணமோ வடக்கின் முன்னாள் படைவீரர்களுக்கு ஓய்வூதியமாகப் போகும். 1890ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபிறகு, 90 நாள் படையில் இருந்து ஒழுங்காக விடுவிக்கப்பட்டு, இப்போது உடல் முடியாமல் இருந்தாலே போதும்; காயம் போரில் பட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சில வருஷத்தில் மத்திய அரசின் வருவாயில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு ஓய்வூதியத்துக்குப் போயிற்று. முன்னாள் படைவீரர் சங்கத்தில் 4 லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள். குடியரசுக் கட்சியின் முதுகெலும்பே அவர்கள்தான்.

தெற்குக்கு இதில் என்ன கிடைத்தது? தெற்கத்திப் படையில் இருந்தவனுக்கு மத்திய அரசின் ஓய்வூதியம் கிடையாது. பருத்தியை உலகச் சந்தை விலைக்கு விற்றுவிட்டு, கலப்பையையும் துணியையும் வரி ஏறிய விலைக்கு வாங்க வேண்டும். தோற்றவன் வாங்கும் சாமானின் விலையில் ஜெயித்தவனின் ஓய்வூதியம் ஒளிந்திருந்தது. போர் இரண்டு கட்சிகளைப் பிரித்து வைத்தது என்றால், அந்தப் பிரிவைத் தலைமுறை கடந்தும் காப்பாற்றியது இந்தப் பணம்தான். 1888 தேர்தலில் கிளீவ்லண்ட் நாடு முழுக்க அதிக வாக்கு வாங்கியும், மாநிலவாரியாக வாக்குகளை எண்ணி அதிபரை முடிவு செய்யும் தேர்வாளர் குழுவில் தோற்றார்.

மேடைப் பேச்சும் இதற்கு ஏற்றபடியே இருந்தது. 1876இல் குடியரசுக் கட்சியின் பேர்போன பேச்சாளர் ராபர்ட் இங்கர்சால், முன்னாள் படைவீரர்கள் கூட்டத்தில், “இந்த நாட்டை அழிக்க முயன்ற ஒவ்வொருவனும் ஜனநாயகக் கட்சிக்காரன், உங்கள் உடம்பில் இருக்கும் ஒவ்வொரு தழும்பும் ஜனநாயகக் கட்சிக்காரன் தந்தது” என்ற பொருளில் முழங்கினார். தெற்கில் இதே பேச்சு தலைகீழாக நடந்தது. ஓட்டு என்பது அப்பா எந்தப் பக்கம் சண்டை போட்டார் என்பதைப் பொறுத்தது.

இந்த இடத்தில்தான் மக்கள்வாதம் உள்ளே வருகிறது. பாப்புலிசம் என்று இன்றைக்கு எல்லாரும் வசைச்சொல்லாகப் பயன்படுத்துவது, அங்கே ஒரு கட்சியின் பெயராகவே பிறந்தது. 1892 ஜூலை 4, நெப்ராஸ்காவின் ஓமாஹா நகரம். கன்சாஸின் கோதுமை விவசாயியும் ஜார்ஜியாவின் பருத்தி விவசாயியும் சேர்ந்து மக்கள் கட்சியின் மாநாட்டை நடத்தினார்கள். பருத்தி விவசாயியின் நிலையைக் கொஞ்சம் பாருங்கள். விதைக்கும் உரத்துக்கும் கடைக்காரரிடம் கடன். ஈடு, இன்னும் அறுக்காத விளைச்சல். அறுவடை ஆனதும் சரக்கு கடைக்காரர் கைக்குப் போய்விடும். கணக்கு நேர் ஆகாது. பாக்கி அடுத்த வருஷத்துக்கு ஏறும். 1894இல் ஒரு பவுண்டு பருத்தி 5 சென்ட்டுக்கும் கீழே இறங்கியது. ரயில் கம்பெனி கேட்டதுதான் சரக்குக் கட்டணம். இரண்டு பெரிய கட்சிகளும் இவரிடம் வந்து பழைய போரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தன.

ஓமாஹாவில் அவர்கள் கேட்டது என்ன? வருமானம் கூடக்கூட விகிதம் கூடும் வருமான வரி, ரயில்வே அரசின் கையில், செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பது, ரகசிய வாக்கெடுப்பு, பணப் புழக்கம் கூடுவதற்காகத் தங்கத்தோடு வெள்ளி நாணயமும். அன்றைக்குப் பைத்தியக்காரத்தனம் என்று பத்திரிகைகள் எழுதின. 1913க்குள் வருமான வரியும் செனட் நேரடித் தேர்தலும் அரசியல் சாசனத் திருத்தங்களாகவே வந்துவிட்டன.

எனக்கு அந்த மாநாட்டில் மனசில் தங்குவது வேட்பாளர் பட்டியல். அதிபர் பதவிக்கு அயோவாவின் ஜேம்ஸ் வீவர். வடக்கின் படையில் சண்டை போட்டவர். துணை அதிபர் பதவிக்கு வர்ஜீனியாவின் ஜேம்ஸ் ஃபீல்ட். தெற்கின் படையில் சண்டை போட்டு ஒரு காலை இழந்தவர். எதிரெதிரே துப்பாக்கி பிடித்த இருவரும் ஒரே மேடையில் நின்று, போர் முடிந்துவிட்டது, இனி வயிற்றைப் பற்றிப் பேசுவோம் என்று ஊர் ஊராகச் சொன்னார்கள். அமெரிக்க வரலாற்றில் இதைவிடத் துணிச்சலான பிரசாரம் அதிகம் இல்லை என்று நினைக்கிறேன். பத்து லட்சத்துக்கு மேல் வாக்கு விழுந்தது. 22 தேர்வாளர் வாக்கும் கிடைத்தது. ஆனால் தெற்கில் என்ன ஆயிற்று? ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் வீவர் மீது அழுகிய முட்டை வீசினார்கள். போர்க்காலத்தில் டென்னசியின் புலாஸ்கி ஊரை ஆண்டபோது அவர் மக்களைக் கொடுமைப்படுத்தினார் என்று துண்டறிக்கைகள் பறந்தன. ஜார்ஜியாவில் மிச்சம் இருந்த கூட்டங்களை அவர் ரத்து செய்ய வேண்டியிருந்தது.

அதே ஜார்ஜியாவில் டாம் வாட்சன் என்ற மக்கள் கட்சித் தலைவர், கறுப்பின விவசாயியும் வெள்ளை விவசாயியும் ஒரே கடனில் மூழ்குகிறார்கள், சேர்ந்து நின்றால்தான் கரை ஏற முடியும் என்று பேசினார். அவருக்காகப் பிரசாரம் செய்த டாயில் என்ற கறுப்பினப் போதகரைக் கொல்லப்போவதாக மிரட்டல் வந்தபோது, வெள்ளை விவசாயிகள் துப்பாக்கியோடு திரண்டு வந்து காவல் காத்தார்கள். 1892இல், ஜார்ஜியாவில்! தேர்தலில் தோல்விமேல் தோல்வி வந்த பிறகு இதே வாட்சன் கறுப்பினத்தவர், யூதர், கத்தோலிக்கர் என்று வரிசையாக வெறுப்பை உமிழும் பத்திரிகை நடத்தினார். 1920இல் அந்த வாட்சனைத்தான் ஜார்ஜியா செனட்டுக்கு அனுப்பியது. மக்கள்வாதம் என்றாலே ஆபத்து என்று சொல்லுவோரும், அது ஏழையின் குரல் என்று சொல்லுவோரும் இந்த ஒரு மனிதரின் வாழ்க்கையை முழுவதுமாகப் படித்துவிட்டு வாதாட வேண்டும். கோபம் நியாயமானதுதான். கடன் கொடுத்தவரையும் ரயில் கம்பெனியையும் அசைக்க முடியாமல் போனதும் அது பக்கத்து வீட்டுக்காரர்மேல் திரும்பியது.

சரி, மக்கள் கட்சி என்ன ஆயிற்று? 1896இல் ஜனநாயகக் கட்சி 36 வயது வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனை நிறுத்தி, வெள்ளி நாணயக் கோரிக்கையைத் தனதாக்கிக்கொண்டது. மக்கள் கட்சியும் அவரையே ஏற்றது, அதோடு கரைந்தது. மூன்றாவது கட்சி அங்கே ஜெயிப்பதில்லை. பெரிய கட்சி அதை விழுங்கும்; விழுங்கிய கட்சியின் குணம் மாறும். இது பிறகும் நடந்தது. 1968இல் இனப் பிரிவினையை ஆதரித்த ஜார்ஜ் வாலஸ் மூன்றாவது கட்சி வேட்பாளராக நின்று தெற்கில் 5 மாநிலங்களை ஜெயித்தார். அந்த வாக்குகள் மெல்ல மெல்லக் குடியரசுக் கட்சிக்குப் போயின. 1992இல் மெக்சிகோவுடனான வர்த்தக ஒப்பந்தத்தை எதிர்த்து நின்ற ராஸ் பெரோ 100க்கு 19 வாக்கு வாங்கினார். ஒரு மாநிலம்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் அவர் அன்று சொன்னதை இன்று இரண்டு கட்சியும் சொல்கின்றன.

இடையில் வர்த்தகம் எப்படித் திசை மாறியது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1930இல் ஸ்மூட்-ஹாலி சட்டம் வரியை உயர்த்தியது. பதிலுக்குப் பிற நாடுகளும் உயர்த்தின. உலக வர்த்தகம் சுருங்கியது. 1934இலிருந்து வரி குறைக்கும் ஒப்பந்தங்கள் போடும் அதிகாரம் அதிபர் கைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வர்த்தகம் பனிப்போரின் ஆயுதம் ஆயிற்று. ஜப்பானும் மேற்கு ஜெர்மனியும் சோவியத் பக்கம் சாயாமல் இருக்க அமெரிக்கச் சந்தையைத் திறந்துவிட்டார்கள். இரண்டு கட்சிக்கும் அதில் சம்மதம். 1962இல் கென்னடி கொண்டுவந்த வர்த்தகச் சட்டத்தில், இறக்குமதியால் வேலை போகும் தொழிலாளிக்கு உதவித்தொகை உண்டு என்று எழுதியிருந்தது. அந்த வாக்குறுதியை நம்பித்தான் தொழிற்சங்கங்கள் ஆதரித்தன. 1969 கடைசி வரைக்கும் ஒரு தொழிலாளர் மனுகூட ஏற்கப்படவில்லை. கட்சிகளின் மேல் தொழிலாளிக்கு நம்பிக்கை போனதற்கு என்னைக் கேட்டால் இந்த மாதிரி ஏமாற்றங்களே பெரிய காரணம்.

அப்புறம் வியட்நாம் போர். 1968இல் ஜனநாயகக் கட்சி, பிரைமரி எனப்படும், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்களில் நடக்கும் வாக்கெடுப்பு ஒன்றில்கூட நிற்காத துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரியை வேட்பாளர் ஆக்கியது. போரை எதிர்த்தவர்களை சிகாகோ தெருவில் போலீஸ் அடித்தது. அந்த அவமானத்துக்குப் பிறகு கட்சி விதிகளைத் திருத்தினார்கள். வேட்பாளரைத் தலைவர்கள் அறைக்குள் முடிவு செய்யும் காலம் போய், பிரைமரி வாக்கே முக்கியம் ஆயிற்று. மாநிலச் சட்டங்கள் மாறியதால் குடியரசுக் கட்சியும் அதே வழிக்கு வந்தது. போர் எதிர்ப்பாளர்களுக்காகத் திறந்த கதவு அது. 48 வருஷம் கழித்து, குடியரசுக் கட்சித் தலைவர்கள் பலரும் வேண்டாம் என்ற ஒருவர் அதே கதவு வழியாக உள்ளே வந்தார்.

2016 பிப்ரவரி 13, தென் கரோலினாவின் கிரீன்வில் நகரில் குடியரசுக் கட்சி வேட்பாளர்களின் விவாதம். படையினர் குடும்பங்கள் நிறைந்த மாநிலம். புஷ் குடும்பத்துக்குச் செல்வாக்கான மண். ஈராக் போர் மாபெரும் தவறு, அங்கே பேரழிவு ஆயுதம் எதுவும் இல்லை என்று, அந்தப் போரைத் தொடங்கிய அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் தம்பி ஜெப் புஷ் பக்கத்தில் நிற்க, ட்ரம்ப் சொன்னார். அரங்கம் கூச்சல் போட்டது. கதை முடிந்தது என்று விமர்சகர்கள் நினைத்தார்கள். ஒரு வாரத்தில் வாக்கெடுப்பு: ட்ரம்ப் ஜெயித்து கட்சி மாநாட்டில் வேட்பாளரை முடிவு செய்யும் அந்த மாநிலத்தின் 50 பிரதிநிதிகளையும் எடுத்துக்கொண்டார், அன்று இரவே ஜெப் புஷ் போட்டியிலிருந்து விலகினார். அரங்கத்துக்கு டிக்கெட் கிடைத்தவர்கள் வேறு, ஈராக்குக்குப் பிள்ளையை அனுப்பியவர்கள் வேறு. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் அதிகம் பேரைப் பலிகொடுத்த பகுதிகள் அந்த நவம்பரில் ட்ரம்ப் பக்கம் கூடுதலாகச் சாய்ந்தன என்று பின்னால் ஓர் ஆய்வும் வந்தது. எதிரே நின்ற ஹிலாரி கிளின்டன், 2002இல் போருக்கு ஆதரவாக செனட்டில் வாக்களித்தவர்.

வர்த்தகமும் அதே ஊர்களைத்தான் அடித்திருந்தது. 1993இல் மெக்சிகோ ஒப்பந்தம் பிரதிநிதிகள் சபையில் 234க்கு 200 என்று நிறைவேறியபோது, கொண்டுவந்தது ஜனநாயகக் கட்சி அதிபர். ஆனால் அவர் கட்சியில் 156 பேர் எதிர்த்தார்கள். காப்பாற்றியது குடியரசுக் கட்சியின் 132 வாக்கு. 2001இல் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. 2000இல் 1.7 கோடியாக இருந்த அமெரிக்க ஆலை வேலைகள் பத்தே வருஷத்தில் 1.2 கோடிக்கும் கீழே போயின. எல்லாம் சீனாவால் போனதில்லை. இயந்திரமும் 2008 நெருக்கடியும் சேர்ந்து செய்தவை. ஆனால் தச்சுப் பட்டறைகளும் துணியாலைகளும் மூடிய ஊரில் இருப்பவரிடம் இந்தக் கணக்கைப் பிரித்துச் சொல்ல எந்தக் கட்சியும் போகவில்லை. மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து 80,000க்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் 2016 முடிவானது.

ட்ரம்ப் அடிக்கடி புகழும் அதிபர் மெக்கின்லி. 1890இல் இறக்குமதி வரியை ஏறக்குறைய 50 சதவீதத்துக்கு ஏற்றிய சட்டம் அவர் பெயரால் வழங்குவது. அந்த நவம்பர் தேர்தலில் மெக்கின்லியின் தொகுதியில் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் தகரப் பாத்திரம் விற்கும் தெரு வியாபாரிகளை அனுப்பி, இரண்டு மடங்கு விலை சொல்லி, மெக்கின்லி வரிதான் காரணம் என்று சொல்லச் செய்ததாக ஒரு கதை உண்டு. மெக்கின்லி தோற்றார், சபையில் அவர் கட்சி ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. பின்னால் அதிபரான அதே மெக்கின்லி, 1901 செப்டம்பர் 5 அன்று பஃபலோ கண்காட்சியில் ஆற்றிய கடைசி உரையில், நாடு தனித்து வாழும் காலம் போய்விட்டது, வர்த்தக ஒப்பந்தங்கள் வேண்டும் என்று பேசினார். மறுநாள் சுடப்பட்டார். ட்ரம்ப் எடுத்துக்கொண்டது 1890 மெக்கின்லியை. 1901 மெக்கின்லியை அவர் மேடைகளில் நான் கேட்டதில்லை.

2018இல் சீனப் பொருள்களுக்கு வரி போட்டபோது சீனா பதிலுக்கு அமெரிக்க சோயாவுக்கு வரி போட்டது. ட்ரம்புக்கு வாக்களித்த மாநிலங்களின் விவசாயிகளே முதலில் அடிபட்டார்கள். அரசு இரண்டு தவணையாக 2,800 கோடி டாலர் வரை உதவி அறிவித்தது. வரி போட்டு, அதனால் நொந்த தன் வாக்காளரைக் கஜானாவிலிருந்து சமாதானப்படுத்துவது: படைவீரர் ஓய்வூதியக் காலத்து ஏற்பாட்டின் இன்னொரு வடிவம். பைடன் வந்தும் சீனாமேல் போட்ட வரிகள் பெரும்பாலும் அப்படியே நின்றன. மின்சாரக் கார்களுக்கு 100 சதவீதம் வரை ஏறவே செய்தன.

2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி வந்ததே, அதில் பாதி ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கான தண்டனை. உக்ரைனில் நடக்கும் போருக்காகத் திருப்பூர் பனியன் கம்பெனியில் ஆர்டர் நின்றது. அந்த வாரம் அங்கே ஷிஃப்ட் குறைந்த தையல்காரருக்கு அயோவா விவசாயிக்குக் கிடைத்த காசோலை கிடைக்காது. அவருக்கு அமெரிக்காவில் ஓட்டு இல்லை.

கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். கேளுங்கள்.