பூட்ஸ் மாட்ட ஏழு நிமிடம்

(காரைக்குடியில் ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், முன்வரிசையில் இருக்கும் ஆச்சிமார்களுக்கும், பயிற்சியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் ஆசிரியர் பயிற்சி படித்தது நியூசிலாந்தில். வெலிங்டனை ஒட்டிய ஹட் பள்ளத்தாக்கில் ஒரு ஆரம்பப் பள்ளிக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பாடக்குறிப்பு எழுதுவது, வகுப்பு எடுப்பது, மதிப்பெண் வாங்குவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். புதன்கிழமை மதியங்களில் மட்டும் பக்கத்து மழலையர் பள்ளிக்குத் தன்னார்வலராகப் போவேன். அதற்குச் சம்பளமும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. ஆனால் நான் ஆசிரியர் ஆனது அங்கேதான்.

உள்ளே நுழையவே சில வாரம் ஆனது. என்னைப் பற்றிக் காவல்துறையில் விசாரித்த பிறகுதான் விட்டார்கள். டயப்பர் மாற்றவும், கழிப்பறைக்குக் கூட்டிப் போகவும் தன்னார்வலருக்கு அனுமதி கிடையாது. முதலில் மனசு சுருக்கென்றது. அப்புறம், பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற தாயாக என்னை நினைத்துப் பார்த்தேன். சரி என்று பட்டது.

மூன்றாவது வாரம். மழை விட்டிருந்தது. மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று படியில் உட்கார்ந்து மஞ்சள் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். இடது காலில் வலது பூட்ஸ். நான் ஓடிப்போய்க் குனிந்து, இரண்டே இழுப்பில் சரியாக மாட்டிவிட்டேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அழவில்லை. இரண்டையும் கழற்றிக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். குதிகால் இறங்க மாட்டேன் என்கிறது. எழுந்து நின்று தரையில் ஓங்கி மிதிக்கிறாள். சாக்ஸ் சுருண்டுகொள்கிறது, உட்கார்ந்து இழுத்துவிடுகிறாள். ஏழு நிமிடம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் கணக்குத் தெரியும். மாட்டி முடித்தபோதும் கால் மாறித்தான் இருந்தது. அப்படியே போய்ச் சேற்றுத் தண்ணீரில் குதித்தாள்.

அன்று சாயங்காலம் தலைமை ஆசிரியை அதை அரைப் பக்கம் எழுதியிருந்தார். அந்தக் குழந்தையைப் பார்த்துப் பேசுவதுபோல, "சுருண்ட சாக்ஸை என்ன செய்வதென்று நீயே கண்டுபிடித்தாய்" என்று எழுதியிருந்தார். அந்த நாட்டில் இதற்குக் கற்றல் கதை என்று பெயர். எத்தனை எழுத்து தெரியும், எதுவரை எண்ணத் தெரியும் என்கிற கட்டங்கள் அதில் இல்லை. பிள்ளை என்ன செய்தது, எப்படி விடாமல் முயன்றது என்றுதான் எழுதுவார்கள். தாள் வீட்டுக்குப் போகும். அம்மாவோ அப்பாவோ படித்துக் காட்டுவார்கள். நான் எழுதிய முதல் கதையில் எல்லாம் 'நான் கற்றுக்கொடுத்தேன்', 'நான் காட்டினேன்' என்றே இருந்தது. அதைத் திருத்தி எழுதத்தான் எனக்கு ஒரு பருவம் முழுக்கத் தேவைப்பட்டது.

அங்கே மழலையர் கல்விக்கான பாடத்திட்டம் 1996-ல் வந்தது, 2017-ல் திருத்தினார்கள். அதன் பெயர் 'தே ஃபாரிக்கி'. அந்நாட்டுப் பூர்வகுடிகளான மவோரிகளின் மொழியில் பின்னிய பாய் என்று பொருள். நான்கு கொள்கைகளும் ஐந்து இழைகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, எல்லாப் பிள்ளைகளும் நிற்க ஒரு பாய். இதைக் கேட்டதும் எனக்கு நம் ஊர் ஓலைக்கூடையான கொட்டான் ஞாபகம் வந்தது. என் பாட்டி, எங்கள் ஆயா, ஓலையை நனைத்து வைத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்து பின்னுவார். என் கையில் இரண்டு ஓலையைக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். நான் பின்னியது கோணல்மாணலாகத்தான் வரும். ஒருநாளும் அதைப் பிடுங்கிச் சரிசெய்ததில்லை. வெலிங்டனில் போய் நான் கற்றுக்கொண்டது எங்கள் ஆயாவிடம் இருந்தது.

நம் ஊர் விளையாட்டு ஒன்றைக் காட்ட ஆசைப்பட்டுப் பல்லாங்குழியும் புளியங்கொட்டையும் கொண்டுபோனேன். கொட்டையைக் கண்டதும் தலைமை ஆசிரியை கையை நீட்டி வாங்கிக்கொண்டார். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் அங்கே உண்டு. தொண்டையில் அடைத்தால் மூச்சு நின்றுவிடும். திராட்சையைக்கூட நீளவாக்கில் நான்காக நறுக்கித்தான் கொடுப்பார்கள். கொட்டைக்குப் பதிலாகக் கடற்கரையிலிருந்து பெரிய சிப்பிகளை எடுத்து வந்து, மணலில் குழி தோண்டி விளையாடினோம். இதை மறந்துவிடாதீர்கள். அன்பு இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு கையில் புளியங்கொட்டையோடு போய் நின்றவள் நான்.

இன்னொன்று. பள்ளிகளில் மவோரி பேசியதற்காகப் பிள்ளைகளை அடித்த காலம் அந்த நாட்டில் இருந்தது. மொழி அழிந்துவிடும் என்ற நிலையில், 1982-ல் அதே ஹட் பகுதியில் வைனுயோமாட்டா என்ற ஊரில் முதல் 'கோஹாங்கா ரெயோ' தொடங்கியது. மொழிக்கூடு என்று அர்த்தம். அங்கே தாத்தா பாட்டிகள் குஞ்சுகுளுவான்களோடு நாள் முழுக்க மவோரியிலேயே பேசினார்கள். 1987-ல் மவோரி அந்நாட்டின் ஆட்சிமொழியானது. அதனால்தான் ஆச்சிமார்களையும் இந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடச் சொன்னேன். உங்கள் வாயில் இருக்கும் பேச்சு, விடுகதை, ஊர்க்கதை இவையெல்லாம் பிள்ளைகளின் காதில் விழவேண்டும்.

கல்லூரி கட்டிய வள்ளல் வாழ்ந்த மண் இது. அழகப்பர் 1947-ல் ஆரம்பித்தது இன்று பல்கலைக்கழகமாக நிற்கிறது. அங்கன்வாடியோ 1975 அக்டோபர் 2-ல் நாட்டின் 33 வட்டாரங்களில் மட்டும் ஆரம்பித்தது. இன்று தெருவுக்குத் தெரு இருக்கிறது. அதற்குள் ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் இந்த அரங்கில் எத்தனை பேர்? ஒரு டீச்சரும் ஒரு உதவியாளரும் சமையல், பதிவேடு, எடை பார்ப்பது, பாட்டு என்று எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

அங்கன்வாடிக்குப் போகிறவர்களுக்கு ஒரே நிபந்தனை. ஒருநாள் பிஸ்கட் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு வருவதாக இருந்தால் போகாதீர்கள். நியூசிலாந்தில் தேர்வுக்காக இரண்டு புதன்கிழமை போகவில்லை. மூன்றாவது புதன் போனபோது அந்த மஞ்சள் பூட்ஸ் பெண் என் பக்கம் திரும்பவே இல்லை. மறுபடி அருகில் வர ஒரு மாதம் ஆனது. வாரம் ஒரே நாள், ஒரே நேரம் என்றால் மட்டும் வாருங்கள்.

அங்கன்வாடி டீச்சரிடம் பேசி, அனுமதியும் வாங்கியாயிற்று. வருகிற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நான் அங்கே இருப்பேன். ஒரு பையன் சட்டைப் பொத்தானைப் போடக் கற்றுக்கொண்டிருக்கிறான். போன வாரம் நடுப்பொத்தான்வரை வந்துவிட்டான். கூட இருந்து பார்க்க விருப்பமுள்ளவர்கள் வாசலில் இருக்கும் நோட்டில் பேர் எழுதிவிட்டுப் போங்கள். வணக்கம்.