கல்பாசி பாக்கெட்டுக்குள் எந்த லைக்கன்? டிஎல்சி போட்டுப் பார்ப்போம்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு மேசையில் இருப்பது மளிகைக்கடைக் கல்பாசி. செட்டிநாட்டுச் சமையலில் போடுவோமே, அதுதான். இது ஒரு லைக்கன், அதாவது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர். பர்மோட்ரீமா பெர்லேட்டம் என்று ஒரே பெயரைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் கடைக்கு வரும் கல்பாசியில் டிங்டோரம், ரெடிகுலேட்டம் என்று வேறு இனங்களும் கலந்திருக்கும். காய்ந்து நொறுங்கிய பிறகு கண்ணால் பிரிப்பது கஷ்டம்.

இந்தத் துண்டின் மேல்தோலைச் சுரண்டி, உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விடுகிறேன். முதலில் மஞ்சள், அப்புறம் சிவப்பு. 1866-லேயே லைக்கன் ஆய்வாளர் நைலாண்டர் கொண்டுவந்த சோதனை இது. சரி, சிவந்துவிட்டது. காரணம் லைக்கனுக்குள் இருக்கும் சாலசினிக் அமிலமா, நார்ஸ்டிக்டிக் அமிலமா? இரண்டுமே சிவக்கும். இங்கேதான் டிஎல்சி, அதாவது மெல்லிய அடுக்கு வண்ணப்பிரிகை, தேவைப்படுகிறது.

சின்னத் துண்டை அசிட்டோனில் ஊறவைத்து, அந்தச் சாற்றை நுண்குழாயால் சிலிக்கா தகட்டில் பொட்டு வைக்கிறேன். பக்கத்திலேயே, ஒப்பிடுவதற்காக, ஏற்கெனவே தெரிந்த லைக்கன் பொருள்களான அட்ரனோரினும் நார்ஸ்டிக்டிக் அமிலமும். இந்த இரண்டு இல்லாமல் நான் தகடு போடவே மாட்டேன். அறையின் ஈரப்பதம் மாறினாலே பொட்டு ஏறும் உயரம் மாறும். ஒப்பிட ஆள் வேண்டும். 1970-இல் கல்பர்சனும் கிறிஸ்டின்சனும் வகுத்த முறையின் பலமே இதுதான்.

தகட்டின் அடியைக் கரைசலில் நிறுத்தினால், கரைசல் மேலே ஏறும்போது ஒவ்வொரு பொருளையும் வெவ்வேறு உயரத்துக்கு இழுத்துச் செல்லும். ஏ கரைசலில் டொலுவீன், டயாக்சேன், அசிட்டிக் அமிலம். இதில் அட்ரனோரின் மேலே ஓடிவிடும், நார்ஸ்டிக்டிக் நடுவில் நிற்கும், சாலசினிக் அடியிலேயே தங்கும். ஆனால் ஏ மட்டும் போதாது. பெர்லேட்டத்தின் ஸ்டிக்டிக் அமிலமும் டிங்டோரத்தின் லெகனோரிக் அமிலமும் இதில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஹெக்சேன், ஈதர், ஃபார்மிக் அமிலம் சேர்ந்த பி கரைசலில் ஓட்டினால் லெகனோரிக் மேலே போய்விடும், ஸ்டிக்டிக் கீழேயே கிடக்கும்.

தகடு காய்ந்ததும் புறஊதா விளக்கில் தெரியும் பொட்டுகளைப் பென்சிலால் வட்டமிட்டு, 10% கந்தக அமிலம் தெளித்து 110 டிகிரியில் சூடாக்க வேண்டும். தயவுசெய்து இதை வீட்டில் செய்யாதீர்கள். புகை உறிஞ்சும் அறை இருக்கும் ஆய்வகத்தில் மட்டும்.

இதோ, நிறம் வந்துவிட்டது. மேலே அட்ரனோரின், அடியில் சாலசினிக். அப்படியென்றால், சாலசினிக் உள்ள ரெடிகுலேட்டமா? அவசரம் வேண்டாம். எவர்னியாஸ்ட்ரம் சிர்ரேட்டம் என்ற இன்னொரு லைக்கனிலும் சாலசினிக் உண்டு, ஆனால் அதன் மடல்கள் ஒடுங்கிய நாடாக்கள். என் துண்டு அகலமானது. லென்ஸில் பார்த்தால் மேலே வலை போல நுண்ணிய வெடிப்புகள். இது ரெடிகுலேட்டம்தான்.