ஆற்றைக் கடந்த சிறுவன்

நண்பர்களே, மெரினா பக்கம் போகிறவர்களில் பலர் நேப்பியர் பாலத்தைக் கடந்திருப்பீர்கள். 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் பெயர் அது. அவர் சொந்த நாடான ஸ்காட்லாந்துக்குத் திரும்பிய பிறகு பார்த்த ஒரு வேலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பாலத்தை விட அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1883இல் அவர் தலைமையில், சிறு குத்தகை விவசாயிகளின் நிலையைக் கேட்டறிய ஒரு விசாரணைக் குழு ஸ்காட்லாந்தின் மலைநாடுகளிலும் தீவுகளிலும் ஊர் ஊராகப் போனது. வடகோடியில் பெட்டிஹில் என்ற ஊரில் ஆங்கஸ் மக்காய் என்ற முதியவர் சாட்சி சொல்ல வந்தார். சொன்னது சுமார் எழுபது வருடத்துக்கு முந்தைய கதை.

ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் அவர் அப்போது சிறுவன். குறித்த நேரத்துக்குள் காலி செய்யாவிட்டால் அபராதம் என்று உத்தரவு. அப்பாவும் அம்மாவும் விடியற்காலையிலேயே மாடு, ஆடு, குதிரைகளை ஓட்டிக்கொண்டு புது இடத்துக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் ஓடிவந்து, எஸ்டேட் அதிகாரி செல்லர் பக்கத்து ஊரில் நெருப்பு வைக்கிறான், எழுந்திருங்கள் என்று எழுப்பினாள். அக்கரையில் தெரிந்தவர் வீடு இருந்தது. தம்பியை முதுகில் சுமந்துகொண்டு ஆற்றில் இறங்கினான் ஆங்கஸ். தண்ணீர் முதுகைத் தொட்டதும் தம்பி அழுது உதற, இவன் விழுந்தான். தம்பி கழுத்தைக் கட்டிக்கொண்டான்; எழ முடியவில்லை. இருவரும் அழுதார்கள். குடும்பத்தோடு அந்த வழியாக வந்த ஓர் ஏழைப் பெண் ஆற்றில் குதித்து இருவரையும் இழுத்துக் கரை சேர்த்தாள்.

ஏன் இந்த நெருப்பு? அந்தப் பகுதி நிலமெல்லாம் சதர்லாந்து எஸ்டேட் என்ற பெரிய ஜமீனுடையது; அதற்கு ஆட்டுப் பண்ணையில் வருமானம் அதிகம். அதனால் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் இருந்தவர்களைக் கடலோரத் துண்டு நிலங்களுக்குத் துரத்தினார்கள். காளையையும் கலப்பையையும் அறிந்தவர்கள் இனி மீன் பிடித்துப் பிழைக்க வேண்டுமாம். நெருப்பு வைத்ததாகச் சொன்ன பாட்ரிக் செல்லர்தான் எஸ்டேட்டின் அதிகாரி. காலியான நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவரும் அவரேதான். நெருப்பு வைத்ததாக அவர் மேல் போட்ட வழக்கில், 1816இல் இன்வர்னஸ் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. 1819இல் மறுபடியும் பெரிய வெளியேற்றம் நடந்தது.

சரி, எழுபது வருட நினைவை எவ்வளவு நம்பலாம்? டொனால்ட் மக்லியோட் என்ற கல்தச்சர், ஒரு குன்றின் மேல் நின்று இரவில் 250 வீடுகள் எரிவதை எண்ணியதாகப் பல வருடம் கழித்து எழுதினார். அந்த எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு நான் வாதாட மாட்டேன். ஆனால் அவருடைய ஊரான ரோசாலில் வீட்டு அடித்தளங்கள் இன்றும் புல்லுக்கடியில் மேடு மேடாகத் தெரிகின்றன. எஸ்டேட்டிடம் கணக்குப் புத்தகம் இருந்தது, வக்கீல் இருந்தார். குடியானவனிடம் பாட்டி சொன்னதுதான் பத்திரம்.

அதைச் சொல்லவும் பயம். ஸ்கை தீவின் பிரேஸ் ஊரில் குழு முதன்முதலாகக் கூடியபோது, முதல் சாட்சியே, பேசினால் என்னை வெளியேற்ற மாட்டோம் என்று வாக்குக் கொடுங்கள், அப்புறம் பேசுகிறேன் என்றார். பலர் மலைநாட்டு மக்களின் தாய்மொழியான கேலிக்கில் பேச, மொழிபெயர்ப்பாளர் எடுத்துச் சொன்னார். எல்லாம் கேள்வி பதிலாக அச்சேறியது. 1886இல் சட்டம் வந்தது: குத்தகைப் பணத்தைக் கட்டிவரும்வரை நிலத்தைவிட்டு எழுப்ப முடியாது, நியாயமான குத்தகை, வாரிசுக்கு உரிமை. நேப்பியர் யோசனை சொன்ன மாதிரியே அது அமையவில்லை. போன பள்ளத்தாக்கும் திரும்பக் கிடைக்கவில்லை.

இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பக்கம் எங்கே திரும்பினாலும் மக்காய் என்ற குடும்பப் பெயர்தான். முதல் பையனுக்கு அப்பா வழித் தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மா வழித் தாத்தா பெயர் என்பது ஸ்காட்லாந்தின் பழைய வழக்கம். பேரன் என்ற சொல்லை வைத்திருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே தெருவில் நான்கு ஆங்கஸ் இருந்தால் என்ன செய்வது? முர்டோ மகன் டொனால்டின் மகன் ஆங்கஸ் என்று தலைமுறைகளை அடுக்கிச் சொல்வார்கள். இன்னார் யார் என்று கேட்டால், கொள்ளுத் தாத்தா வரை மூச்சு விடாமல் வரும்.

அப்படிப்பட்ட ஊரில் பிறந்த ஆங்கஸ் மக்காய், வீட்டிலிருந்த மாடு கன்றைக்கூட வரிசையாகச் சொன்னார். ஆற்றில் குதித்தவளைப் பற்றி மட்டும், குடும்பத்தோடு வந்துகொண்டிருந்த ஓர் ஏழைப் பெண் என்றார். அவளையும் அன்று எங்கிருந்தோ துரத்தியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். அவள் பெயர் அவர் வாயில் வரவே இல்லை.