கட்டிலைப் "படம்" என்று கூப்பிட்டால் என்ன ஆகும்?

[திரையில்: சின்ன அறை. கட்டில், மேசை, நாற்காலி, அலாரம் கடிகாரம்.]

காலையில் அவர் வெகுநேரம் படத்தில் படுத்திருந்தார். ஒன்பது மணிக்குப் போட்டோ ஆல்பம் அடித்தது. எழுந்தார், கால் குளிராமலிருக்க அலமாரி மேல் நின்றார்.

தலை சுற்றுகிறதா? ஸ்விட்சர்லாந்து எழுத்தாளர் பீட்டர் பிக்செல் 1969-இல் வெளியிட்ட சிறுவர் கதைத் தொகுப்பில் வரும் ஒரு கிழவரின் காலைப்பொழுது இது. தனி ஆள். தினமும் அதே அறை, அதே மேசை. ஒருநாள் அலுப்பு தாங்காமல் அவருக்கு ஒரு யோசனை: கட்டிலைப் "படம்" என்று ஏன் சொல்லக்கூடாது? பிரெஞ்சுக்காரர்கள் வேறு பெயர் சொல்கிறார்கள், அவர்களுக்குள் புரியத்தானே செய்கிறது?

கேள்வி நியாயமானதுதான். கட்டில் என்ற ஒலிக்கும் அந்த மரச்சட்டத்துக்கும் பிறவிப் பந்தம் ஏதும் இல்லை. ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். இவர் ஒரே ஆள்.

[திரையில்: பொருள்களின் பெயர்ச்சீட்டுகள் இடம் மாறுகின்றன. கட்டில் மேல் "படம்". மேசை மேல் "கம்பளம்". நாற்காலி மேல் "அலாரம்".]

அவருக்கு ஒரே குஷி. பெயர்ச்சொல் முடிந்ததும் வினைச்சொல்லிலும் கைவைக்கிறார். நீலநிற நோட்டுகளில் புதுச் சொற்களை எழுதி மனப்பாடம் செய்கிறார். இதுவரை கதை சிரிப்புதான். அப்புறம் பழைய சொற்கள் மறக்க ஆரம்பிக்கின்றன. "எனக்கு அமெரிக்காவில் ஒரு மாமா இருக்கிறார்" என்று யாரோ சாதாரணமாகச் சொன்னால், இவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். மற்றவர்கள் பேசுவது இவருக்குப் புரியாமல் போனதைவிட, இவர் பேசுவது யாருக்கும் புரியாமல் போனதுதான் கொடுமை என்கிறார் பிக்செல். கடைசியில் கிழவர் வணக்கம் சொல்வதைக்கூட நிறுத்திவிடுகிறார்.

[திரையில்: பள்ளி வகுப்பறை. ஒரு பையன் கையில் பேனா.]

அப்படியென்றால் புதுச்சொல்லே கூடாதா? அப்படியில்லை. ஆண்ட்ரூ கிளெமென்ட்ஸ் எழுதி 1996-இல் வந்த அமெரிக்கக் கதையில் நிக் என்ற பையன் பேனாவுக்கு "ஃப்ரிண்டில்" என்று பெயர் வைக்கிறான். இதுவும் கிழவர் செய்த அதே வேலைதான். ஆனால் வகுப்புத் தோழர்களும் அப்படியே சொல்ல, ஊர் முழுக்கப் பரவி, கடைசியில் அகராதியிலேயே ஏறிவிடுகிறது.

[திரையில்: மதில் மேல் முட்டை வடிவ ஆள். கீழே ஒரு சிறுமி.]

1871-இல் வந்த லூயிஸ் கரோலின் கதையில் ஹம்ப்டி டம்ப்டிக்கு இந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. "மகிமை" என்றால் எதிராளியை வீழ்த்தும் வாதமாம். நான் ஒரு சொல்லைச் சொன்னால், நான் நினைத்ததுதான் அதன் அர்த்தம் என்கிறார். கீழே நிற்கும் சிறுமி ஆலிஸ் குழம்பினால், யார் எஜமான் என்பதுதான் கேள்வி என்று மடக்குகிறார். எனக்கு இந்த இடம் படிக்கும்போது கொஞ்சம் பயமாகவே இருக்கும். எஜமான் கையில் சிறைச்சாவியும் இருந்தால்?

[திரையில்: லண்டன், 1941.]

இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, ஒருவர் நாட்டுக்கு எதிரானவர் என்று நம்ப "நியாயமான காரணம்" இருந்தால், பிரிட்டிஷ் உள்துறை அமைச்சர் விசாரணையின்றி அவரைக் காவலில் வைக்கலாம் என்று விதி. அப்படிக் காவலில் வைக்கப்பட்ட லிவர்சிட்ஜ் என்பவரின் வழக்கு, அந்நாட்டின் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபைக்கு வந்தது. அப்படிக் காரணம் இருப்பதாக அமைச்சர் நினைத்தாலே போதும் என்று நான்கு நீதிபதிகள் அர்த்தம் சொன்னார்கள். ஐந்தாமவர் லார்ட் ஆட்கின் மறுத்தார். இப்படிப் பொருள் கொள்வதற்குத் தனக்குத் தெரிந்த ஒரே முன்மாதிரி ஹம்ப்டி டம்ப்டிதான் என்று சொல்லி, ஆலிஸோடு அவர் பேசும் அந்த வரிகளைத் தீர்ப்பிலேயே எடுத்துக்காட்டினார்.

அன்று அவர் தோற்றார். சுமார் 40 ஆண்டுகளுக்குப் பிறகு, அதே பிரபுக்கள் சபையில் நீதிபதி லார்ட் டிப்லாக், அந்த நால்வர் சொன்னது தவறு, ஆட்கின் சொன்னதே சரி என்று பதிவு செய்தார்.