டிஸ்சார்ஜ் ஆகி வந்த அன்னைக்கே மருந்துப் பையை மேஜையில கொட்டுங்க! | பெரியவங்க பராமரிப்பு எங்கே அறுபடுது?

[திரையில்: மூணு மாத்திரை அட்டை, நடுவுல அம்புக்குறிகள்]

கணுக்கால் வீங்குது, அதுக்கு ஒரு மாத்திரை. அதைப் போட்டதும் சிறுநீரை அடக்க முடியலை, அதுக்கு இன்னொரு மாத்திரை. அது உள்ளே போனதும் பெரியவருக்குப் பகல் எது, ராத்திரி எதுன்னு தெரியலை. "வயசாயிடுச்சு, மறதி வந்துடுச்சு"ன்னு வீட்ல முடிவு கட்டிடறாங்க. இதெல்லாம் எங்கே தொடங்கிச்சு தெரியுமா? ரத்தக்கொதிப்புக்குக் கொடுத்த முதல் மாத்திரையில!

வணக்கம். ஆஸ்பத்திரி, வீடு, பராமரிப்பாளர்னு வயசானவங்க பல கை மாறுறாங்க. கை மாறுற இடத்துலதான் எல்லாமே விட்டுப்போகுது. அந்த இடத்தை எப்படி இறுக்கிப் பிடிக்கறதுன்னு பார்க்கலாம். வீட்ல 70 தாண்டினவங்க இருந்தா பேனா, பேப்பரோட உட்காருங்க.

பின்னணியை ஒரே மூச்சுல சொல்லிடறேன். பராமரிப்புத் தொடர்ச்சின்னா மூணு விஷயம்: தகவல் ஆளோட கூடவே வரணும், சிகிச்சைத் திட்டம் ஒண்ணா இருக்கணும், பார்க்கிற ஆள் அடிக்கடி மாறக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2017-ல மருந்துப் பாதுகாப்புக்காகத் தொடங்கின திட்டத்துல முன்னுரிமை கொடுத்த மூணு விஷயத்துல ஒண்ணு, இந்தக் கைமாறுற கட்டம்.

இப்ப அந்த மாத்திரைச் சங்கிலிக்கு வருவோம். இந்த வீடியோவுலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான், தள்ளி விட்டுடாதீங்க.

முதல்ல அம்லோடிபின். பிரஷருக்கு நல்ல மருந்து, சந்தேகமே இல்லை. அது சின்னச் சின்னத் தமனிகளை விரிக்குது, சிரைகளை அந்த அளவுக்கு விரிக்கறதில்லை. அதனால ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற நுண்ணிய ரத்தக் குழாய்கள்ல அழுத்தம் ஏறி, நீர் கசிஞ்சு கணுக்கால்ல தேங்குது. உடம்புல தண்ணி கூடினதால வந்த வீக்கம் இல்லை இது. அப்ப ஃபியூரோசமைடு கொடுத்துச் சிறுநீரா வெளியேத்தினா? கசியற குழாயை விட்டுட்டுத் தொட்டியைக் காலி பண்ற கதைதான். வீக்கம் பெருசா வடியாது. ரத்தத்துல நீரும் பொட்டாசியமும் குறையும், எழுந்து நின்னா தலை சுத்தும், ராத்திரி பாத்ரூமுக்கு அவசரமா ஓடி விழுவாங்க.

"சிறுநீர் அடக்க முடியலை"ன்னு வேற டாக்டர்கிட்ட போறாங்க. அவர் ஆக்ஸிபியூட்டினின் எழுதறார். அசிட்டைல்கோலின்ங்கிற வேதிப்பொருளோட வேலையைத் தடுக்கிற மருந்து அது. சிறுநீர்ப்பை அடங்கும். ஆனா நினைவுக்கும் கவனத்துக்கும் மூளை நம்பியிருக்கிறதும் அதே அசிட்டைல்கோலினைத்தான்! வாய் வறட்சி, மலச்சிக்கல், குழப்பம்னு வரிசையா வரும். பவுலா ரோஷான், ஜெரி குர்விட்ஸ்ங்கிற ரெண்டு ஆய்வாளர்கள் 1990கள்லயே இந்த மாதிரி மருந்துச் சங்கிலிகளைப் பத்தி மருத்துவ இதழ்கள்ல எழுதிட்டாங்க. இன்னமும் நடக்குது. ஏன்னா ஒவ்வொரு டாக்டரும் தன் முன்னாடி வந்த தொந்தரவை மட்டும் பார்க்கறார். முழுச் சங்கிலியும் தெரியற ஒரே இடம் உங்க வீட்டு மருந்துப் பைதான்.

[திரையில்: மேஜை மேல கொட்டின மாத்திரைகள்]

அந்தப் பையை டிஸ்சார்ஜ் ஆன அன்னைக்குச் சாயந்திரமே கொட்டுங்க. பழைய அட்டை, கண் சொட்டு மருந்து, இன்ஹேலர், இன்சுலின், கடையில நீங்களா வாங்கின வலி மாத்திரை, மூலிகைப் பொடி, ஒண்ணு விடாம. டிஸ்சார்ஜ் சீட்டைப் பக்கத்துல வெச்சு நாலா பிரிங்க: அப்படியே தொடர்றது, புதுசா வந்தது, அளவு மாறினது, நிறுத்தச் சொன்னது. எதுலயும் சேராம ஒண்ணு நிக்கும் பாருங்க, அதைப் பத்திதான் டாக்டர்கிட்ட கேட்கணும்.

அடுத்து, அட்டையில பெரிய எழுத்துல இருக்கிற பிராண்டு பெயரை விட்டுடுங்க. அதுக்குக் கீழே பொடி எழுத்துல மருந்தோட பெயர் இருக்கும், அதைப் படிங்க. வீட்ல இருந்த அட்டை ஒரு நிறம், ஆஸ்பத்திரியில கொடுத்தது வேற நிறம், கீழே ரெண்டுலயும் ஒரே மருந்து! தெரியாம ரெண்டையும் போட்டா பிரஷர் தடாலடியா இறங்கி ஆள் விழுவார்.

ஆஸ்பத்திரியில நிறுத்தி வெச்சு, திரும்பத் தொடங்க மறந்துபோற மருந்துகளும் உண்டு. ஸ்கேனுக்குச் சாய மருந்து போடறதுக்காக, சர்க்கரைக்குப் போடற மெட்ஃபார்மினை நிறுத்தியிருப்பாங்க. ஆபரேஷனுக்காக ரத்தம் உறையாம தடுக்கிற மருந்தை நிறுத்தியிருப்பாங்க. இதைத் திரும்பத் தொடங்கலைன்னா பக்கவாதம் வரைக்கும் போகலாம். இதுக்கு நேர் எதிரா, வார்டுல தற்காலிகமா கொடுத்த தூக்க மாத்திரையும், வயித்து அமிலத்தைக் குறைக்கிற பான்டோபிரசோலும் யாரும் நிறுத்தாம வருஷக்கணக்குல ஓடும்.

ஒரு பட்டியல் எழுதுங்க: மருந்து பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த நேரம், எதுக்காக, எந்தத் தேதியில தொடங்கினது, எப்ப வரைக்கும். தேதியை மட்டும் விட்டுடாதீங்க. புதுத் தொந்தரவு வந்தா, அதுக்கு முந்தின சில வாரத்துல என்ன மருந்து சேர்ந்தது, எந்த அளவு கூடினதுன்னு டாக்டர் உடனே பார்க்கலாம். எதையும் நீங்களா நிறுத்தாதீங்க. ஸ்டீராய்டு, வலிப்பு மருந்து, சில இதய மருந்துகளைத் திடீர்னு விட்டா ஆபத்து.

இனி மருந்து இல்லாத பகுதி. 2007-ல ஒரு ஆய்வு வந்தது. நல்ல ஆரோக்கியமான முதியவங்களை 10 நாள் படுக்கையிலயே இருக்க வெச்சாங்க. கால்ல மட்டும் கிட்டத்தட்ட 1 கிலோ தசை போயிடுச்சு! அப்ப நோயோட படுத்து எழுந்தவங்க நிலைமையை யோசிங்க. நடந்து உள்ளே போனவர் அதே மாதிரி நடந்து வருவார்னு நம்பி வீட்டை ஏற்பாடு பண்ணாதீங்க. பராமரிப்பாளர்கிட்ட "கொஞ்சம் உதவி வேணும்"னு சொன்னா ஒண்ணும் புரியாது. "கட்டில்ல இருந்து நாற்காலிக்கு மாற ஒரு ஆள் துணை, வாக்கரோட 5 மீட்டர், இடது பக்கம் பலவீனம், விழுங்கச் சிரமம், தண்ணியைக் கெட்டியாக்கித்தான் கொடுக்கணும், காது மெஷின் வலது காதுல" – இப்படி எழுதிக் கொடுங்க.

குளிப்பாட்டற ஆளுக்குத்தான் படுக்கைப் புண் முதல்ல கண்ணுல படும். குதிகால், வால் எலும்பு மேல சிவந்திருந்தா விரலால அழுத்தி எடுங்க. வெளுக்காம சிவப்பாவே இருந்தா புண் தொடங்கியாச்சு. கருத்த தோல்ல இந்த மாற்றம் தெரியாம போகலாம், அதனால சூடா இருக்கா, கெட்டியா இருக்கான்னு தொட்டுப் பார்க்கணும். இவ்வளவு முக்கியமான தகவல் பல நேரம் நர்ஸுக்கே போய்ச் சேர்றதில்லைங்கிறது எனக்கு உண்மையிலேயே வருத்தம். கட்டில் பக்கத்துல ஒரே ஒரு நோட்டு வைங்க. வர்ற நர்ஸ், பராமரிப்பாளர், பிசியோதெரபிஸ்ட், வீட்டு ஆள் எல்லாரும் அதுலயே எழுதட்டும்.

இதயச் செயலிழப்பு, அதாவது இதயம் ரத்தத்தைச் சரியா பம்ப் பண்ண முடியாத நிலை, இருந்தா தினமும் காலையில, சிறுநீர் போனதுக்கு அப்புறம், சாப்பிடறதுக்கு முன்னாடி, அதே எடை மெஷின்ல எடை பார்த்து எழுதுங்க. 3 நாள்ல 2 கிலோ ஏறினா அன்னைக்கே போன் பண்ணுங்க. சில மணி நேரத்துலயோ ஓரிரு நாள்லயோ திடீர்னு குழப்பம் வந்தாலும், வழக்கத்துக்கு மாறா அமைதியாத் தூங்கிக்கிட்டே இருந்தாலும் காத்திருக்காதீங்க. கிருமித்தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மருந்துன்னு காரணம் எதுவா வேணா இருக்கலாம்.

ஒரே டாக்டர்கிட்ட போறதால என்ன ஆகப்போகுதுன்னு கேட்கிறவங்களுக்கு: நார்வேல சுமார் 45 லட்சம் பேரோட பதிவுகளை அலசினாங்க, 2022-ல வெளியாச்சு. ஒரே குடும்ப டாக்டரை 15 வருஷத்துக்கு மேல பார்த்தவங்கள்ல, அவசரமா ஆஸ்பத்திரியில சேர்றதும் இறப்பும், ஒரே வருஷம் பார்த்தவங்களை விட கால் பங்குக்குப் பக்கம் குறைவு. அதுதான் காரணம்னு இது நிரூபிக்கலை, ஆனா நான் டாக்டரை மாத்த மாட்டேன்.

கடைசியா, வார்டை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க: "இன்னும் ரிசல்ட் வராத டெஸ்ட் எது? அதை யார் பார்த்து எங்களுக்குச் சொல்லுவாங்க?" சிறுநீர்ல கிருமி இருக்கான்னு வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் டெஸ்ட் ரிசல்ட் வர ஓரிரண்டு நாள் ஆகும், பயாப்ஸி இன்னும் தாமதமாகும். ஆள் வீட்டுக்கு வந்த பிறகு ரிப்போர்ட் வார்டுல வந்து கிடக்கும். டெஸ்ட் பெயர், கொடுத்த தேதி, கூப்பிட வேண்டிய நம்பர், மூணையும் அந்த நோட்டோட முதல் பக்கத்துல எழுதிட்டுக் கிளம்புங்க.